கறுப்புக் கல்லின் மர்மம்

1968-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி இரவு. நியூயார்க் நகரத்தில், பிராட்வே வீதியில் அப்போதிருந்த கேபிடல் தியேட்டரில் ஒரு புதுப் படம் திரையிடப்பட்டது. வந்திருந்தவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். பத்திரிகை விமரிசகர்கள், படக் கம்பெனிப் பிரமுகர்கள், அவர்களுடைய குடும்பத்தார். நாலு வருஷமாக எடுத்த படம். சுமார் ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் விழுங்கிய படம். எம்.ஜி.எம். கம்பெனியின் தலையெழுத்தே அதில் இருக்கிறது என்று பேசிக் கொண்டார்கள்.

படம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. திரையில் ஒரு மனிதரையும் காணோம். குரங்கு மனிதர்கள் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கித் தின்றார்கள், உறுமினார்கள், ஒருவரையொருவர் விரட்டினார்கள். இருபத்தைந்து நிமிஷம் வரையில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது! ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். இருமினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வெளியே நடந்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் நடந்த முதல் காட்சியிலோ, பிரபல நட்சத்திரம் ராக் ஹட்ஸன் நடைபாதையில் போய்க் கொண்டே, "இது என்ன கண்ணராவி என்று யாராவது எனக்குச் சொல்லுங்களேன்!" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அந்தப் படத்தின் பெயர் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. விண்வெளியில் ஒரு நெடும் பயணம் என்று சொல்லலாம். ராக் ஹட்ஸன் கேட்ட கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். ஒரு பதிலைப் போல் இன்னொரு பதில் இல்லை. ஆனால் 2022-ல் 'ஸைட் அண்ட் ஸவுண்ட்' என்ற ஆங்கிலச் சினிமாப் பத்திரிகை உலகத்து டைரக்டர்களை எல்லாம் கேட்டு எடுத்த வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்கும் சிறந்த படம் என்று முதல் இடத்தில் வந்தது இதே படந்தான்!

கதை என்னவென்றால்...

கதையைச் சொல்லுவது கஷ்டம் இல்லை. கதை எதைச் சொல்லுகிறது என்பதில்தான் வம்பு.

பல லட்சம் வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் குரங்கு மனிதர்கள். ஒரு நாள் விடியற்காலையில் அவர்கள் முன்னே ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. கல் என்றால் நம் ஊர்க் கல் அல்ல. செதுக்கி வைத்த கதவு மாதிரி, பளபளவென்று, விளிம்பு பிசகாமல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. யார் கொண்டு வந்து வைத்தார்கள்? தெரியாது. பயந்து பயந்து தொட்டுப் பார்க்கிறார்கள். சில நாள் கழித்து அவர்களில் ஒருவன் எலும்பு ஒன்றைக் கையில் எடுத்து ஓங்கி அடிக்கிறான். ஆயுதம் பிறந்துவிட்டது! வேட்டையாடுகிறான், எதிரிக் கூட்டத்தானைக் கொல்கிறான், வெற்றி வெறியில் எலும்பை ஆகாயத்தில் வீசி எறிகிறான். சுழன்று சுழன்று மேலே போன எலும்பு கீழே இறங்கும்போது, 'வெட்!' அது இருந்த இடத்தில் பூமியைச் சுற்றி மிதக்கும் ஒரு விண்கலம். லட்சக்கணக்கான வருஷங்களை ஒரே கத்தரிப்பில் தாண்டிவிட்டார் டைரக்டர். நமது புராணப் படங்களில் 'பல ஆண்டுகளுக்குப் பின்' என்று எழுத்துப் போடுவார்களே, அந்த எழுத்துக்கூட இங்கே இல்லை.

சந்திரனில் அதே மாதிரிக் கல் ஒன்று மண்ணுக்கடியில் அகப்படுகிறது. நாற்பது லட்சம் வருஷமாகப் புதைந்து கிடந்ததாம். சூரிய வெளிச்சம் அதன்மேல் பட்டதும் காதைத் துளைக்கும் ஒரு சத்தம். அது குரு கிரகத்தை நோக்கி அனுப்பிய சமிக்ஞை. குருவை நோக்கி ஒரு கப்பல் கிளம்புகிறது. அதில் ஐந்து மனிதர்கள். மூன்று பேர் குளிர்ப் பெட்டியில் நீண்ட உறக்கத்தில். கப்பலை நடத்துவது 'ஹால்' என்ற கம்ப்யூட்டர். சதுரங்கம் ஆடும், சித்திரத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும், இனிமையாகப் பேசும். ஆனால் திடீரென்று அது ஒவ்வொருவராகக் கொல்ல ஆரம்பிக்கிறது. தப்பிய ஒருவனாகிய போமன், ஹாலின் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதை அணைக்கிறான். பிறகு குருவின் அருகே மிதக்கும் மூன்றாவது கல்; ஒளிவெள்ளத்தில் ஓர் ஓட்டம்; பழைய பிரெஞ்சு அரண்மனை மாதிரி ஓர் அறை. அங்கே போமன் தன்னையே கிழவனாகப் பார்க்கிறான். படுக்கையில் சாகக் கிடக்கிறான். கால்மாட்டில் மறுபடியும் அந்தக் கறுப்புக் கல். மறு நிமிஷம் படுக்கையில் ஒளி சூழ்ந்த ஒரு சிசு. சிசு பூமியைப் பார்த்துக் கொண்டு ஆகாயத்தில் மிதக்கிறது. 'சுபம்' போட வேண்டிய இடத்தில் வால்ஸ் சங்கீதம்.

"சரி, அப்புறம்?" என்றால், அப்புறம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

மரத்தின் மேல் வசிக்கிறவர்

இப்படி ஒரு கதையை ஜோடித்தவர்கள் இருவர். ஒருவர் டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக். நியூயார்க்கில் பிறந்து, 'லுக்' பத்திரிகைக்குப் போட்டோ எடுத்துக் கொண்டிருந்து, பின் சினிமாவுக்கு வந்தவர். மற்றவர் ஆர்தர் ஸி. கிளார்க். ஆங்கிலேயர், ஆனால் 1956 முதல் இலங்கையில் குடியேறிக் கொழும்பு நகரத்தையே தம் ஊராக்கிக் கொண்டவர். 2008-ல் அங்கேயே காலமானார்.

1964-ல் குப்ரிக், வேற்று உலக ஜீவன்களைப் பற்றி நல்லதாக ஒரு படம் எடுக்க எண்ணி எழுத்தாளரைத் தேடினார். நண்பர் ஒருவர் கிளார்க்கின் பெயரைச் சொன்னார். "அவரா? இந்தியாவில் எங்கோ மரத்தின் மேல் வசிக்கும் பைத்தியக்காரச் சன்னியாசி என்றல்லவா கேள்விப்பட்டேன்!" என்றாராம் குப்ரிக். கிளார்க்கோ அப்போது சன்னியாசத்துக்கு வெகு தூரத்தில் இருந்தார். கடலுக்குள் முக்குளிப்பதும், நண்பர் மைக் வில்ஸன் எடுத்த சிங்களப் படங்களுக்குப் பக்கபலமாய் இருப்பதுமாக அலைந்து கொண்டிருந்தார். முதல் வர்ணச் சிங்களப் படமான 'ரன் முத்து தூவ' 1962-ல் வெளிவந்தது அந்த மைக் வில்ஸனால்தான். (பிற்பாடு சத்யஜித் ராய் எடுக்க நினைத்து எடுக்காமலே போன 'ஏலியன்' என்ற கதையிலும் இதே கிளார்க்கும் வில்ஸனும் வருவார்கள். அது தனிக் கதை. ரொம்பச் சோகக் கதை.)

கிளார்க் 1948-ல் பி.பி.சி. நடத்திய சிறுகதைப் போட்டிக்கு 'ஸென்டினல்' என்று ஒரு கதை அனுப்பியிருந்தார். பரிசு கிடைக்கவில்லை. சந்திரனில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு சின்னத்தை மனிதன் கண்டுபிடிப்பதுதான் விஷயம். பரிசு பெறாத அந்தக் கதைதான் இந்தப் படத்தின் விதை.

இருவரும் நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதினார்கள். படத்துக்கு வசனம் எழுதுமுன் அதை நாவலாகவே எழுதி விடுவது என்று ஏற்பாடு. இந்த இடத்தில்தான் வழக்கு ஆரம்பமாகிறது. கிளார்க் விஞ்ஞானி. எதையும் விளக்கிச் சொல்ல வேண்டும் அவருக்கு. அவர் நாவலில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கல் வேற்று உலகத்தார் வைத்த பாடசாலை. குரங்குக்கு அறிவு புகட்டுகிறது. சந்திரனில் புதைத்தது ஓர் அலாரம் மணி. மனிதன் அங்கு வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டான் என்று எஜமானர்களுக்குச் செய்தி சொல்லும். ஹால் ஏன் கெட்டுப் போயிற்று? உண்மையைத் தவிர வேறு பேசாதபடி அமைத்த யந்திரத்தினிடம், பயணத்தின் நோக்கத்தைக் கூட இருக்கும் இருவரிடமும் மறைத்துவை என்று உத்தரவு போட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பொய் சொல்லச் சொன்னால் புத்தி பேதலிக்காதா? நாவலில் பயணம் சனி கிரகத்துக்கு. படத்தில் குருவோடு நின்றது. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி செய்ய அப்போது முடியவில்லை.

படத்துக்கும் ஆரம்பத்தில் இத்தகைய விளக்கம் இருக்கத்தான் இருந்தது. குரங்கு மனிதர் காட்சிக்குப் பின்னணியில் ஒரு குரல் கதை சொல்லுவதாக எழுதி வைத்திருந்தார்கள். எலும்புக்குப் பதில் தோன்றும் விண்கலம் அணுகுண்டு சுமப்பது என்றும் அந்தக் குரல் சொல்லியிருக்கும். நிஜ விஞ்ஞானிகளைப் பேட்டி கண்டு முன்னுரையாகப் படம் பிடித்தும் வைத்திருந்தார்கள். வேற்று உலகத்தாரைக் காட்டுவதற்குக்கூட விதவிதமான வேஷங்கள் போட்டுப் பார்த்தார்கள். குப்ரிக் ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தார். பேட்டி போயிற்று. வேஷம் போயிற்று. கடைசியில் கதை சொல்லும் குரலும் போயிற்று. சுமார் இரண்டே கால் மணி நேரப் படத்தில் பேச்சு நாற்பது நிமிஷத்துக்கும் குறைவு.

சங்கீதமும் தப்பவில்லை. அலெக்ஸ் நார்த் என்ற பெரிய சங்கீத டைரக்டர் நாற்பது நிமிஷத்துக்கு மேல் இசை எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் உடம்பு கெட்டு, ஒலிப்பதிவுக்கு ஆம்புலன்ஸ் வண்டியில் வந்தாராம். படம் பார்க்கப் போய் உட்கார்ந்தவருக்கு, தம் ஸ்வரம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது! படத் தொகுப்பின்போது தற்காலிகமாக ஒட்டி வைத்திருந்த பழைய இசைத்தட்டுக்களையே குப்ரிக் வைத்துக் கொண்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி. விண்கலங்கள் 'புளூ டான்யூப்' வால்ஸுக்கு நாட்டியமாடுகிற காட்சியைப் பார்த்த பிறகு, அங்கே வேறு எந்தச் சங்கீதமும் ஒட்டாது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் நார்த்திடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தக் கல்லும் மற்ற வித்தைகளும்

முதலில் அந்தக் கல்லைக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்படி செய்ய நினைத்தார்கள். பெரிய பெர்ஸ்பெக்ஸ் கட்டி ஒன்று பிரமாதச் செலவில் வார்க்கப்பட்டது. குப்ரிக் பார்த்தார், திருப்தியில்லை, "எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் கறுப்புப் பலகை வந்தது. அதில் ஒரு விரல் ரேகை படக்கூடாது, தூசி ஒட்டக்கூடாது என்று பாடுபட்டார்கள். கல்லின்மேல் ஓர் எழுத்து, ஒரு கோடு, ஒரு பள்ளம் இருந்தாலும் பார்க்கிறவன் அதைப் பிடித்துக் கொண்டு அர்த்தம் பண்ணிவிடுவான் அல்லவா?

1965 டிஸம்பர் 29-ந் தேதி இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில், சந்திரப் பள்ளத்தில் கல்லைக் காணும் காட்சியோடு படப்பிடிப்பு தொடங்கியது. பிறகு போர்ஹாம்வுட்டில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு மாறியது. அங்கே விக்கர்ஸ் கம்பெனியார் ஒரு ராட்சத ராட்டினம் கட்டிக் கொடுத்தார்கள். குறுக்களவு 38 அடி; எடை 30 டன்; செலவு ஏழரை லட்சம் டாலர். கப்பலின் உள்ளறை முழுதும் அதன் உள்பக்கத்தில் அமைந்திருந்தது. நடிகர் எப்போதும் அடிமட்டத்திலேயேதான் ஓடுவார்; ராட்டினம் அவர் காலடியில் சுழலும்; காமிராவும் அதோடு போகும். பார்க்கிறவர்களுக்கோ அவர் சுவரில் ஏறிக் கூரையில் ஓடி மறுபக்கம் இறங்குவதாகத் தோன்றும். ஒரு காட்சியில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட, மற்றவர் ஏணி வழியாக இறங்கி அவரிடம் நடந்து வருவார். சாப்பிடுகிறவரை நாற்காலியோடு கட்டித் தலைகீழாக நிறுத்தி, ஆகாரத்தைத் தட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்!

சின்ன வித்தைதான் சில சமயம் பெரிய வித்தையை விட அழகாக இருக்கிறது. தூங்கும் பிரயாணியின் பேனா அந்தரத்தில் மிதந்து சுழலும். பணிப்பெண் வந்து பறித்து அவர் பையில் செருகுவாள். கம்பி இல்லை, நூல் இல்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் பேனாவைப் பசைநாடாவால் ஒட்டி, கண்ணாடியை மெல்லச் சுழற்றினார்கள். அவ்வளவே!

ஆப்பிரிக்கக் காட்சிகளுக்கு நடிகர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகவே இல்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், எடுத்த போட்டோக்களைப் பின்னாலிருக்கும் பெரிய திரையில் விழச் செய்தார்கள். வழக்கமாகப் படத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து போடுவார்கள், மங்கலாக இருக்கும். இங்கே முன்னாலிருந்தே போட்டார்கள். பாதை ஓரத்தில் மோட்டார் விளக்குப் பட்டதும் பளிச்சிடும் பலகை இருக்கிறதே, அந்த ஜாதிப் பொருளால் ஆன திரை. வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். காமிராவும் ப்ரொஜெக்டரும் ஒரு கண்ணாடியின் உதவியால் ஒரே கோட்டில் இருந்தபடியால், நடிகரின் நிழல் அவர் முதுகுக்குப் பின்னேயே ஒளிந்து கொள்ளும். குரங்கு உடம்பின்மேல் விழும் படமோ கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். இதில் தற்செயலாக ஓர் அதிர்ஷ்டம். வரிக்குதிரையைக் கொன்று உட்கார்ந்திருக்கும் சிறுத்தையின் கண்களும் அதே விதமாக ஒளியைத் திருப்பியடித்து நெருப்புத் துண்டம் போல ஜ்வலித்தன. (வரிக்குதிரை என்பது கோடு போட்ட செத்த குதிரை. சிறுத்தை மட்டும் நிஜம்!)

ஒளிவெள்ளக் காட்சிக்கு இருபத்து மூன்று இருபத்து நாலு வயதான டக்ளஸ் ட்ரம்புல் என்ற பையன் ஒரு யந்திரம் செய்தார். இருட்டில் ஒரு மெல்லிய பிளவு. அதன் பின்னே வர்ணச் சித்திரங்கள் நகரும். காமிராவின் கண்ணைத் திறந்து வைத்தபடியே பிளவை நோக்கி நகர்த்துவார்கள். ஒரு சட்டம் படமாக ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரு வினாடிக்கு 24 சட்டம் வேண்டும். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். அதற்கு நடுவே வரும் நட்சத்திர மேகங்கள், நியூயார்க்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் தொட்டி திரவத்தில் மைச்சொட்டு விட்டு எடுத்தவை. அந்தக் காட்சி இன்னும் இரண்டு நிமிஷம் குறைவாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது என் எண்ணம். குப்ரிக்கே முதல் காட்சிக்குப் பிறகு படத்தில் சுமார் 19 நிமிஷங்களை வெட்டினார். இதில் அதிகம் கை வைக்கவில்லை.

இத்தனை வித்தைக்கும் 1969-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. எத்தனையோ புகழ்பெற்ற படங்கள் எடுத்த குப்ரிக் பெற்ற ஆஸ்கார் அது ஒன்றுதான்.

ஆளுக்கு ஓர் அர்த்தம்

விமரிசகர்களில் பலர் சீறினார்கள். பாலின் கேல் அம்மையார் கற்பனைப் பஞ்சம் என்று அடித்துச் சொன்னார். ஆண்ட்ரூ ஸாரிஸ் முதலில் பிடிக்கவில்லை என்றார். மறுபடி பார்த்துவிட்டு அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டார். ஆனால் கொட்டகைக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பெரியவர்கள் எழுந்து போன நாற்காலிகளில் வாலிபர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தவர்களே திரும்பவும் பார்த்தார்கள். குப்ரிக்குக்குக் கடிதங்கள் குவிந்தன. "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று சில. "என் வாழ்க்கையே மாறிவிட்டது" என்று சில.

பக்திமான்கள் கறுப்புக் கல்லில் கடவுளைக் கண்டார்கள். தத்துவம் படித்தவர்கள், படத்தின் முகப்பில் முழங்கும் ஸ்ட்ராஸின் இசை நீட்ஷேயின் ஜரதுஷ்டிரனைப் பற்றியது என்பதைப் பிடித்துக் கொண்டார்கள். குரங்கிலிருந்து மனிதன், மனிதனிலிருந்து அதிமனிதன் என்று படிக்கட்டு கட்டினார்கள். காவியம் படித்தவர்களுக்கு ஹோமர் தென்பட்டார். ஒற்றைச் சிவப்புக் கண் உடைய ஹால் யார்? ஒற்றைக்கண் அரக்கன் ஸைக்ளாப்ஸ்! அதை வென்ற போமன் என்ற பெயருக்கு வில்லாளி என்று அர்த்தம், யுலிஸிஸும் வில்லாளிதானே? ஹால் என்ற எழுத்துக்களை ஒவ்வொன்றாக அடுத்த எழுத்துக்கு மாற்றினால் ஐ.பி.எம். என்று வருகிறது என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. அது தற்செயல் என்று கிளார்க் ஆயுள் முழுதும் மறுத்தார், யார் கேட்டார்கள்?

இவற்றில் எனக்குப் பிடித்தது, படத்திலேயே மனிதத் தன்மை உள்ள பாத்திரம் ஹால் ஒன்றுதான் என்கிற கட்சி. மனிதர்கள் பிறந்த நாள் வாழ்த்தைக்கூட முகபாவம் இல்லாமல் கேட்கிறார்கள். யந்திரமோ சந்தேகப்படுகிறது, பயப்படுகிறது, கெஞ்சுகிறது. நினைவு தேயத் தேய, குழந்தைப் பருவத்தில் கற்றுக் கொண்ட 'டெய்ஸி' பாட்டைப் பாடி, குரல் இழுபட்டு அடங்குகிறது. அந்தப் பாட்டு கற்பனையல்ல. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் ஒரு கம்ப்யூட்டரை அதே பாட்டைப் பாட வைத்திருந்தார்கள்; கிளார்க் நேரில் போய்க் கேட்டு வந்திருந்தார். நாலு பேரைக் கொன்ற யந்திரத்துக்காகக் கொட்டகையில் கண்ணைத் துடைத்துக் கொண்டவர்கள் உண்டு.

நியூ ஜெர்ஸியில் 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, கல்லுக்கும் முடிவுக்கும் இருக்கக்கூடிய பல அர்த்தங்களை வரிசையாக எழுதி வைத்தாள். தாம் படித்ததில் இதுவே மிகவும் புத்திசாலித்தனமான விளக்கம் என்றார் குப்ரிக். அவள் எதையும் முடிவுகட்டிச் சொல்லவில்லை என்பதனால்தானோ என்னவோ! தாமே விளக்கம் சொல்லும்படி ஒரு பத்திரிகை கேட்டபோது, லியனார்டோ தம் மோனாலிஸா சித்திரத்தின் அடியில் 'இவள் பல் சொத்தை. அதனால் இப்படிச் சிரிக்கிறாள்' என்று எழுதி வைத்திருந்தால் யார் ரசிப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

ஆனாலும் அவர் ஒரேயடியாக வாயைக் கட்டிக் கொண்டிருக்கவில்லை. 1980-ல் ஒரு ஜப்பானியப் படக்காரரிடம் டெலிபோனில் பேசும்போது, "சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும்" என்ற பீடிகையோடு சொல்லியே விட்டார். தெய்வத்துக்கு நிகரான உருவமற்ற ஜீவன்கள் போமனை மிருகக்காட்சிசாலையில் வைப்பதுபோல் வைத்துப் பார்க்கிறார்களாம். நாம் கரடிக்குக் குகையும் குரங்குக்கு மரக்கிளையும் வைத்து, அதற்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கொள்கிறோம் அல்லவா? அதைப் போல் அவர்களும் மனிதனுக்குப் பிடிக்கும் என்று எண்ணி, அரைகுறையாய்த் தெரிந்த பிரெஞ்சு அரண்மனை அறையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் ஆயுள் அங்கே முடிகிறது. அவனை மேலான ஜீவனாக மாற்றிப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் பேச்சு 2018-ல்தான் வெளியே தெரிந்தது. குப்ரிக் 1999-லேயே போய்விட்டார்.

மர்மம் தீர்ந்தது என்று தர்க்கம் நின்றதா? அதுதான் இல்லை. "டைரக்டர் சொன்னால் ஆயிற்றா?" என்று புதிதாக ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது.

இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் ஆரம்பிக்குமுன் சுமார் மூன்று நிமிஷம் திரை ஒரே இருட்டாக இருக்கும். சங்கீதம் மட்டும் கேட்கும். யந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ணி ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டாம். அதுவும் படத்தில் சேர்ந்ததுதான்.